பினாங்கில் நான்கு இரவுகள்: எந்தப் பேட்டையில் தங்குவது?

பினாங்குக்கு வரப்போவதாக ஊரிலிருந்து உறவினர்கள் எழுதும்போதெல்லாம், என்னென்ன பார்க்கலாம் என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஜார்ஜ் டவுனில் பிறந்து, பள்ளிப் படிப்பு முடியும்வரை அங்கேயே வளர்ந்து, இப்போது கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஆண்டுக்கு நான்கைந்து முறை வீடு திரும்புகிறவன் என்பதால் அதற்கு நீண்ட பட்டியல் ஒன்றை என்னால் தர முடியும்; ஆனால் தருவதில்லை. தீவின் பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். கொடிமலை (பினாங்கு ஹில்), கெக் லோக் சி விகாரை, தண்ணீர்மலை முருகன் கோவில், வடக்குக் கடற்கரை என்று எதைப் பார்க்க நினைத்தாலும், எங்கிருந்து புறப்பட்டாலும், சாலை நெரிசல் இல்லாத வேளையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகவே பார்ப்பதில் யாரும் பெரிதாக ஏமாறுவதில்லை. ஏமாறுவது தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். அதை முடிவு செய்ய நினைக்கிறவர்களுக்காக, வருகிறவர்கள் வழக்கமாகத் தங்கும் மூன்று பேட்டைகளை, அதாவது ஜார்ஜ் டவுனின் பழைய நகரத்தையும் புலாவ் தீக்குஸ் பகுதியையும் பத்து ஃபெரிங்கி கடற்கரையையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பிடுவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் சாப்பாடு. பினாங்கின் பேர்பெற்ற உணவுகளில் பெரும்பாலானவை, ஒரே ஒரு பண்டத்தை மட்டும் வாழ்நாளெல்லாம் செய்துவரும் அங்காடிக்காரர்களிடம் கிடைப்பவை. அவர்கள் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பொழுதை வைத்துக்கொண்டு, சட்டி காலியானதும் கடையைக் கட்டிவிடுவார்கள். விடிந்ததும் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும், ஆப்பத்திலிருந்து பிறந்த அப்போமும், இறால் சாற்றில் செய்யும் ஹொக்கியன் மீ என்ற நூடுல்ஸும் கிடைக்கும். வெயில் ஏறிய பிறகு கானாங்கெளுத்தியும் புளியும் சேர்த்த ஆசாம் லக்சா என்ற நூடுல்ஸும், தேங்காய்ப்பாலும் பனிச்சீவலும் சேர்ந்த செண்டோலும் வரும். சார் குவே தியோவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸை வறுக்கும் அடுப்புகள் பல அந்தி சாய்ந்த பிறகே மூட்டப்படுகின்றன. நாசி கண்டார் கடைகள் சில நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கும். நடுப்பகலில் தெருவில் அலைய முடியாத அளவுக்கு வெயில் கொளுத்துவதால், அந்த நேரத்தை மலைக்கோ அருங்காட்சியகத்துக்கோ ஒதுக்கிவிட்டு, காலை எட்டு மணிக்கு முன்பு ஒருமுறையும் இரவு ஏழு மணிக்குப் பின்பு ஒருமுறையும் உணவுக்காக நடப்பதுதான் இந்த ஊருக்கு ஏற்ற ஒழுங்கு. அந்த இரண்டு நடைகளையும் விடுதி வாசலிலிருந்தே தொடங்க முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பழைய நகரம் இந்தத் தேர்வில் எளிதாக முதலிடம் பெறுகிறது. 1786-ல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இறங்கிய முனையிலிருந்து பினாங்கு சாலை வரை விரியும் இந்தப் பகுதி, 2008-ல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1818-ல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் இன் கோவில், 1833-ல் அமைந்த குயின் தெரு மகா மாரியம்மன் கோவில், 1801-ல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய நான்கையும் வடக்கிலிருந்து தெற்காக மெதுவாக நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் கடந்துவிடலாம். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் இருக்கிறது. சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், நாகூருக்குத் திரும்பிப் போய் நேர்த்திக்கடன் செலுத்த முடியாத நிலையில், நாகூரையே இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். தமிழர்களுக்கு இந்தத் தெருக்களில் அந்நியம் தோன்றாது. பினாங்குத் தெரு, மார்க்கெட் தெரு, குயின் தெரு மூன்றும் கூடும் பகுதியில் காலையில் மல்லிகை தொடுப்பவர்களைப் பார்த்தபடியே இட்லிக் கடைக்குப் போகலாம்; செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த வரிசையும் அதே பினாங்குத் தெருவில்தான்.

நாசி கண்டாரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை முறையாகச் சாப்பிட ஏற்ற இடமும் பழைய நகரம்தான். 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. அதன் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பு வகைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்று நடந்ததிலிருந்து வந்த பெயர். தண்டு போய்க் கடை வந்துவிட்டது. காம்ப்பெல் தெருவில் 1907 முதல் நடந்துவரும் ஹமீதியா அவற்றில் பழமையானது. இன்ன குழம்பு வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்காமல், எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். வெள்ளம் என்று பொருள்படும் 'பஞ்சிர்' என்ற மலாய்ச் சொல்லைச் சொன்னால் போதும். கடைக்காரர் சோறு மூழ்கும்படி ஊற்றித் தருவார். மீன் தலை, கணவாய் ஆகியவற்றின் விலையை மட்டும் தட்டில் வைப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; கணக்குத் தீர்க்கும்போது கேட்பது நல்லதல்ல.

இவ்வளவும் பக்கத்தில் இருந்தும், எல்லோரையும் நான் பழைய நகரத்துக்கு அனுப்புவதில்லை. அங்குள்ள விடுதிகளில் பெரும்பாலானவை கடைவீடுகளை மாற்றியமைத்தவை. கடைவீடு என்பது தெருவைப் பார்த்துக் குறுகலாகவும், உள்ளே நெடுந்தூரம் நீண்டும் இருக்கும் கட்டடம். நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்று இருக்கும். செட்டிநாட்டு வீட்டின் வளவை அறிந்தவர்களுக்கு அதன் பயன் உடனே விளங்கும். அத்தகைய வீட்டை எட்டு அறைகளாகத் தடுக்கும்போது, இரண்டு அறைகளுக்குத் தெரு சன்னல் கிடைக்கும், இரண்டுக்கு முற்றத்துச் சன்னல் கிடைக்கும், எஞ்சியவற்றுக்கு ஒன்றுமே கிடைக்காது. முன்பதிவுப் பக்கத்தில் காட்டப்படும் படம் எப்போதும் தெரு சன்னல் அறையின் படம்தான். மின்தூக்கி இருப்பது அரிது. மரப்படிகள் ஏணிபோல் செங்குத்தானவை. மதுரையிலிருந்து வந்த என் பெரியம்மாவை ஒருமுறை இப்படி ஒரு விடுதியின் மாடியில் தங்க வைத்தேன். முழங்கால் வலிக்காரரான அவர் காலையில் ஒருமுறை இறங்கினால் இரவில்தான் ஏறுவது என்று முடிவு செய்துகொண்டு, மூன்று நாளும் நடுப்பகலைத் தெருமுனைக் காப்பிக்கடையிலேயே கழித்தார். குறை சொல்லவில்லை, ஆனால் அடுத்த முறை வருவதற்கு முன்பு, "படி இல்லாத வீடாகப் பாருப்பா" என்று மட்டும் எழுதினார்.

இரைச்சலும் உண்டு. லவ் லேனும் சூலியா தெருவும் சந்திக்கும் பகுதியில் மதுக்கூடங்கள் நள்ளிரவுக்குப் பிறகும் அடங்குவதில்லை. மன்ட்ரி தெரு, ஸ்டூவர்ட் லேன் பக்கம் அமைதி கூடுதல், நடை தூரமும் அதிகமாகிவிடாது. அர்மேனியன் தெருவில் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-ல் சுவரில் தீட்டிய சிறுவர்களின் மிதிவண்டிப் படத்துக்கு முன்னால், சனி ஞாயிறுகளில் வரிசை நிற்கிறது. வார நாட்களில் காலை ஏழு மணிக்குப் போனால் அந்தத் தெருவே உங்களுடையது.

ஒரு கூடுதல் செய்தியையும் மறைக்க விரும்பவில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, அதன் பாதுகாப்பு 2000-ஆம் ஆண்டு பிறந்ததோடு முடிவுக்கு வந்தபோது, குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளின் மாடிகளில் இருந்த குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறின. ஆயர் ஈத்தாமின் ஃபார்லிம் அடுக்குமாடிக்குப் போன எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. நீங்கள் தங்கும் அழகான அறை யாரோ ஒருவருடைய சமையற்கட்டாக இருந்திருக்கலாம். அதற்காக அங்கே தங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் தங்கியிருக்கிறேன். மாலையில் பக்கத்து வீடுகள் இருண்டு கிடப்பதைக் கண்டு, இந்த ஊரில் ஆட்களே இல்லையா என்று வியக்காமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

ஊரில் ஆட்கள் வாழும் பகுதியைப் பார்க்க வேண்டுமானால் புலாவ் தீக்குஸ்தான் சரியான இடம். பழைய நகரத்திலிருந்து வடமேற்கே நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில், பர்மா சாலையை முதுகெலும்பாகக் கொண்ட பேட்டை இது. பெயருக்கு எலித்தீவு என்று பொருள். கரைக்கு அப்பால் கடலில் நிற்கும் ஒரு சிறு பாறைத்தீவின் பெயர் ஊருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. தாய்லாந்தின் புக்கெட் பக்கத்திலிருந்து வந்த, ஐரோப்பிய-ஆசியக் கலப்பினரான யூரேசியக் கத்தோலிக்கர்கள், சயாமியர்கள், பர்மியர்கள், பின்னர் வசதி படைத்த சீனர்கள் என்று பலர் குடியேறி வளர்ந்த ஊர். 1803-ல் தொடங்கிய பர்மியப் பௌத்தக் கோவிலும், 33 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் பள்ளிகொண்டிருக்கும் சயாமியக் கோவிலும் ஒரே சந்தில் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றிலிருந்து வெளியே வந்து மற்றொன்றுக்குள் நுழைய ஒரு நிமிடம் போதும்.

இங்கே காலை நடை பழைய நகரத்தைவிடச் சிறந்தது என்பது என் கருத்து. புலாவ் தீக்குஸ் சந்தையைச் சுற்றி விடியற்காலையிலேயே அங்காடிகள் கூடிவிடுகின்றன. இறால் விழுது ஊற்றிய அரிசிமாவுச் சுருளான சீ சியோங் ஃபன், வாழையிலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், சீன-மலாய்க் கலப்பு மரபான நியோன்யாப் பலகாரங்கள், கரி அடுப்பில் வார்க்கும் அப்போம் என்று வாங்கிக்கொண்டே போகலாம், சுற்றுலாப் பயணிகளின் நெரிசல் இல்லாமல். மாலை நடை அவ்வளவு வளமானதல்ல. குர்னி கரையோர அங்காடி வளாகம் பக்கத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வடைத் துண்டுகளும் காய்கறிகளும் கலந்த பசெம்பூரையும் லக்சாவையும் ஒரே இடத்தில் சுவைத்துப் பார்க்க ஒரு மாலையை அங்கே கழிக்கலாம். இரண்டாவது மாலைக்குப் பேருந்தேறிக் கிம்பர்லி தெருவுக்கோ நியூ லேனுக்கோ வந்துவிட வேண்டியிருக்கும். நகரத்தின் கொம்தார் கோபுரம் வழியாகச் செல்லும் 101-ஆம் எண் பேருந்து இதற்கு உதவும். திரும்பும்போது நேரமாகிவிட்டால் கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் காருக்குச் செலவு அதிகமில்லை.

மின்தூக்கி உள்ள விடுதிகள், சமையலறையோடு கூடிய அடுக்குமாடி வீடுகள், பேரங்காடிகள், மருத்துவமனைகள் எல்லாம் இந்தப் பக்கத்தில் இருப்பதால், முதியவர்களோடும் கைக்குழந்தையோடும் வருகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது புலாவ் தீக்குஸைத்தான். முற்றும் சைவ உணவு உண்பவர்கள் மட்டும் சற்று யோசிக்க வேண்டும். சீன அங்காடிகளில் காய்கறிப் பண்டமாகத் தெரிவதில்கூடப் பன்றிக் கொழுப்போ இறால் விழுதோ கலந்திருக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சீனர்கள் பலர் சைவம் உண்பதால் அன்று மட்டும் தெரிவுகள் பெருகும். மற்ற நாட்களில் மூன்று வேளையும் கவலையின்றி உண்ண, பழைய நகரத்துத் தமிழர் கடைவீதியான லிட்டில் இந்தியாவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பதே நல்லது.

பத்து ஃபெரிங்கியை விரும்புகிறவர்கள் கடலுக்காக விரும்புகிறார்கள். 'பத்து' என்றால் கல். 'ஃபெரிங்கி' நம்முடைய 'பறங்கி'யேதான். ஆக, பறங்கிப் பாறை. ஜார்ஜ் டவுனிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான் என்றாலும், தஞ்சோங் பூங்கா என்ற புறநகரைத் தாண்டியதும் மலைக்கும் கடலுக்கும் இடையே வளைந்து நெளிந்து போகும் சாலை ஒன்றுதான் வழி. வார இறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் அந்தச் சாலையில் வண்டிகள் நத்தை வேகத்தில் நகரும். பெரிய கடற்கரை விடுதிகளின் தோட்டங்களும் நீச்சல் குளங்களும் உண்மையிலேயே நன்றாக இருக்கும். 1973-ல் தொடங்கிய ராசா சாயாங் விடுதியின் மரங்களுக்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு. ஆனால் கடல் கலங்கலானது, சொறிமுட்டைகள் வரும் காலமும் உண்டு. அந்தமான் தீவுகளையோ லங்காவியையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதல் பார்வையிலேயே முகம் வாடிவிடும்.

சாலையோரத்தில் மாலைதோறும் இரவுச் சந்தை கூடும். பொம்மை, கைப்பை, கடிகாரம். ஒருமுறை நடந்தால் போதும். உணவைப் பொறுத்தவரை, நான் சொன்ன இரண்டு நடைகளும் இங்கே இல்லை. விடுதிச் சிற்றுண்டியும் சுற்றுலா உணவகமும்தான் கிடைக்கும். நகரத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம் என்று திட்டமிடுகிறவர்கள் முதல் நாள் போவார்கள்; இரண்டாவது நாள் சாலையை நினைத்துக் களைத்துப்போய் விடுதியிலேயே உண்டுவிடுவார்கள். எங்கள் வீட்டு விருந்தினர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் கதை வேறு: அவர்களுக்கு நீச்சல் குளமே ஊர். அருகிலுள்ள தெலுக் பஹாங்கில் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும், 2003-ல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவும் இருப்பதால், நடைப்பயணத்தில் விருப்பமுள்ளவர்களுக்கும் ஓர் இரவு வீண்போகாது.

எஞ்சிய இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பக்கம். அலுவலுக்காக வருகிறவர்களுக்கு மட்டும் பொருந்தும். மறுகரையில், பெருநிலத்திலுள்ள பட்டர்வொர்த்தில் அறை மலிவு. ஆனால் மாலை தோறும் கடலைக் கடந்து திரும்ப வேண்டும் என்ற நினைப்பே சாப்பாட்டைக் கெடுத்துவிடும். டுரியான் பருவத்தில், குறிப்பாக ஜூன், ஜூலை மாதங்களில், மலைக்கு அப்பாலுள்ள பாலிக் பூலாவில் ஒரு தோட்ட வீட்டில் ஓர் இரவு தங்குவது இனிமையானது. பழத்தின் வாடை பிடிக்காதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். என் குடும்பம் இருக்கும் ஆயர் ஈத்தாமை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். 1923-ல் ஓடத் தொடங்கிய கொடிமலை இழுவை ரயிலின் அடிவார நிலையமும் கெக் லோக் சியும் அங்கேதான் என்றாலும், பிற்பகலில் அந்தச் சாலைகளில் மாட்டிக்கொண்டவர்கள் மறுமுறை வரமாட்டார்கள். நகரத்திலிருந்து 204-ஆம் எண் பேருந்தில் காலையிலேயே வந்து, முதல் வண்டிகளில் மலையேறி, பத்து மணிக்குள் இறங்கிவிடுவதே நல்லது.

தைப்பூசத்தின்போது இந்தக் கணக்கெல்லாம் மாறும். பூசத்துக்கு முந்தைய நாள் விடியலில் பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து நகரத்தார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படும். 2017 முதல் தங்க ரதமும் தனியாகப் போகிறது. வழியெங்கும் மலைமலையாகக் குவிந்த தேங்காய்களைச் சீனர்களும் தமிழர்களும் சேர்ந்து உடைப்பதைக் காண வேண்டுமானால் அந்த விடியலுக்கு முந்தைய இரவுக்குப் பழைய நகரத்தில் அறை எடுங்கள். பூசத்தன்று காவடிகளோடு நடந்து, 513 படிகள் ஏறி பாலதண்டாயுதபாணியைத் தரிசிக்க வேண்டுமானால் புலாவ் தீக்குஸ் வசதி; சாலைகள் மூடப்பட்டிருந்தாலும் அங்கிருந்து கோவிலுக்குக் கால்நடையாகவே போய்விடலாம். அந்த நாட்களில் பத்து ஃபெரிங்கியில் தங்குகிறவர்கள் திருவிழாவைத் தொலைக்காட்சியில் பார்க்க நேரிடலாம்.

ஆக, நான்கு இரவுகளுக்கு என் முடிவு இதுதான். முதியவர்களோ பிள்ளைகளோ இல்லாமல் இருவர் மட்டும் வந்தால், வார நாட்களில் நான்கையும் பழைய நகரத்தில் கழிக்கலாம். பணம் கட்டுவதற்கு முன், சன்னல் எந்தப் பக்கம், எத்தனையாவது மாடி என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதியவர்கள் உடன் வந்தால் நான்கும் புலாவ் தீக்குஸில். சிறு பிள்ளைகள் இருந்தால் முதல் இரண்டு இரவுகள் கடற்கரையிலும் பிந்தைய இரண்டு நகரத்திலுமாகப் பிரித்துக்கொள்ளலாம். எந்தப் பேட்டையானாலும், வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி தனியாகச் செலுத்த வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையை முதலில் வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கோலாலம்பூருக்கு ரயிலில் திரும்புகிறவர்கள் பட்டர்வொர்த் நிலையத்துக்குப் போயாக வேண்டும். அங்கிருந்து மின்ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். பழைய நகரத்தில் கடைசி இரவு தங்கியிருந்தால், வெல்ட் கீ படகுத்துறைக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்துவிடலாம். 2023-ல் வந்த புதிய படகுகள் கார்களை ஏற்றுவதில்லை, ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகின்றன. ஆகவே வாடகைக் கார் எடுத்தவர்கள் 13.5 கிலோமீட்டர் பாலத்தின் வழியாகவோ தெற்கேயுள்ள இரண்டாம் பாலத்தின் வழியாகவோதான் திரும்ப வேண்டும். மற்றவர்கள் காலைப் படகில் பின்பக்கம் பார்த்து உட்காருங்கள். கொம்தார் கோபுரமும் அதற்குப் பின்னால் கொடிமலையும் தெரியும். மறுகரை வருவதற்குள், வழியில் வாங்கிய நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து முடித்துவிடலாம்.